கதைசொல்லியின் கையில் இசைக்குழு

பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ இசையில் ஓர் இடம். யாரை விடுதலை செய்யட்டும் என்று பிலாத்து கேட்கிறான். கூட்டம் என்ன சொன்னது என்பதைச் சுவிசேஷகராகப் பாடும் டெனார் நமக்கு அறிவிக்கத் தொடங்குகிறார். அவர் வாய் மூடும்முன் இரண்டு பாடகர் குழுக்களும் ‘பரபாஸ்’ என்று ஒரே அலறலாக வெடிக்கின்றன. ஒரே ஒரு சொல், காதைக் கீறும் ஒரே ஒரு ஸ்வரக்கூட்டு. முதன்முறை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஜெர்மன் டெனார் பேட்டர் ஷ்ரையரின் இசைவாழ்வை எடைபோட இந்த ஒரு சொல்லே போதும் என்று நினைக்கிறேன். சுவிசேஷகர் பாத்திரத்தைப் பல பத்தாண்டுகள் பாடியவர் அவர். ஒரு கட்டத்துக்குப் பின் அதைப் பாடிக்கொண்டே இசைக்குழுவையும் தானே நடத்தினார்.

1935இல் மைசனில், ஆசிரியரும் தேவாலய இசைஞருமான தந்தைக்குப் பிறந்தவர். 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் டிரெஸ்டன் எரிந்தது. குரொய்ஸ் தேவாலயம் கருகியது. அதன் புகழ்பெற்ற பாடகர் குழுவான குரொய்ஸ்கோரின் சிறுவர்கள் பதினொருவர் மாண்டார்கள். அந்த ஆண்டிலேயே ஷ்ரையர் அக்குழுவின் விடுதியில் சேர்ந்தார். குழுத்தலைவர் ருடோல்ஃப் மவர்ஸ்பெர்கர் அவருடைய ஆல்டோ குரலுக்கென்றே பாடல் எழுதினார். திருச்சபை இசை அவருக்குத் தாய்மொழிபோல வந்தது இப்படித்தான். பின்னாளில் பெர்லினிலும் சால்ஸ்பர்க்கிலும் மோட்சார்ட் ஓபராக்களில் பேர் வாங்கியபோதும், வார்த்தையை முன்னிறுத்தும் பழக்கம் அவரை விடவில்லை.

குரல் அழகில் இன்னொரு ஜெர்மன் டெனாரான ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷ் ஒருபடி மேல். அந்தத் தேன் ஷ்ரையரிடம் இல்லை. ஷ்ரையருடையது மெலிந்த, வெளிச்சமான குரல். சற்று மூக்கில் ஒலிக்கும். ஆனால் சுவிசேஷகருக்குத் தேன் எதற்கு? பெரும்பாலும் ஆர்கனும் செல்லோவும் மட்டும் துணையிருக்க, லூத்தரின் ஜெர்மன் வேதாகமத்தை எழுத்தெழுத்தாகக் கேட்பவர் காதில் போடவேண்டும். அதில் ஷ்ரையரை மிஞ்ச ஆளில்லை. மெய்யெழுத்துகள் கத்தியால் நறுக்கியதுபோல விழும்.

1970இல் இசை நடத்தத் தொடங்கினார். 1984இல் டிரெஸ்டன் ஸ்டாட்ஸ்கப்பெல்லே இசைக்குழுவுடன் செய்த ‘மத்தேயு பாடுகள்’ பதிவில் பாடியதும் அவர், நடத்தியதும் அவர். இதன் பலம் உடனே தெரிகிறது. கதை எங்கும் தேங்காது; கதைசொல்லியின் மூச்சு முடியும் இடத்திலேயே கூட்டத்தின் மூச்சு தொடங்குகிறது. ‘பரபாஸ்’ கண்ணிமைப்பதற்குள் வந்து விழுகிறது.

என் மனத்தாங்கலும் அங்கேதான். அந்த அலறலை வரவழைப்பது கதைசொல்லியின் கை. அவர் அதிர்ந்துபோவது எப்படி? சுவிசேஷகருக்குக் கதை முழுக்கத் தெரியும், ஆனால் அதைத் தடுக்க அவரால் ஆகாது. அந்தக் கையறு நிலைதான் பாத்திரத்தின் உயிர் என்று நம்புகிறேன். எல்லாவற்றையும் ஒருவரே ஆட்டுவிக்கும்போது அது வற்றிவிடுகிறது.

பாக்கின் நடைமுறையே வேறு. லைப்சிக்கில் அவர் எழுதிவைத்த பாடகர் ஏடுகளில், சுவிசேஷகரின் ஏட்டிலேயே முதல் குழுவின் டெனார் பகுதியும் இருக்கிறது. அதாவது கெத்செமனேயில் சீடர்கள் உறங்குவதைச் சொல்கிறவரே, நான் விழித்திருப்பேன் என்னும் பொருள்பட வரும் தனிப்பாடலையும் பாடியாக வேண்டும். கூட்டத்தோடு சேர்ந்து ‘பரபாஸ்’ என்று கத்தவும் வேண்டும். கதைசொல்லியும் குற்றவாளிகளில் ஒருவர். இது தலைமை தாங்குவதற்கு நேரெதிர்.

அதனால் நான் திரும்பத் திரும்பப் போடுவது, ஷ்ரையர் பாட மட்டும் செய்த 1970 பதிவைத்தான். நடத்தியவர்கள் ருடோல்ஃப் மவர்ஸ்பெர்கரும் அவருடைய தம்பி எர்ஹார்டும். குரொய்ஸ்கோரும் லைப்சிக்கின் தோமானர் குழுவும் சேர்ந்து பாடின. இயேசுவாகப் பாடும் தியோ ஆடமும் குரொய்ஸ்கோரில் வளர்ந்தவர். நாத்திக அரசு நடந்த கிழக்கு ஜெர்மனியில், பழைய பள்ளித் தோழர்கள் கூடி வேதம் சொன்னதுபோல இருக்கிறது. பேதுரு வெளியே போய் அழும் இடத்தில் ஷ்ரையரின் குரல் நீண்டு, வளைந்து, மெலிகிறது. அவர் கையில் வேறு எந்தப் பொறுப்பும் இல்லை.

அவரோ இரட்டைப் பொறுப்பை விடவில்லை. 2005 டிசம்பர் 22, பிராக் நகரம், எழுபது வயது. பாடகராகக் கடைசி மேடையிலும் ‘கிறிஸ்துமஸ் ஒரட்டோரியோ’வைப் பாடிக்கொண்டே நடத்தினார்.