பொருநைக்கரையின் ஜெபப் பழக்கங்கள்

நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர் வீடுகளில் சம்பந்தம் பேசும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும்: "நீங்க எஸ்.பி.ஜி.யா, சி.எம்.எஸ்.ஸா?" இரண்டும் இங்கே சபைகளை வளர்த்த ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கங்கள். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகும் அந்தக் கேள்வி லேசில் ஓயவில்லை. நாசரேத், முதலூர், இடையன்குடி, சாயர்புரம் எஸ்.பி.ஜி. பக்கம். பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், டோனாவூர், நல்லூர் சி.எம்.எஸ். பக்கம். வெளியூர்க்காரருக்கு எல்லாம் ஒரே சபைதான். ஆனால் அன்றாட ஜெபத்தில் இரண்டுக்கும் கைப்பழக்கம் வேறு.

இரண்டுக்கும் மூத்தது கடற்கரைக் கத்தோலிக்கரின் வழக்கம். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் கட்டளைகளையும் ஆள் வைத்துத் தமிழாக்கி, தாமே நெட்டுருப் போட்டார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. பொருநை என்கிற தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் வாழ்ந்த அன்றிக்கே அடிகளார்தான் 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற ஞானோபதேச நூலை அச்சிட்டவர். மொத்தமே 16 பக்கம். ஆனாலும் கடலோரத்தில் மாலையில் ஜெபமாலை சொல்லும் வீடுகளின் தைரியம் புத்தகத்தில் இல்லை, நாக்கில் இருக்கிறது.

1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த சி.எம்.எஸ். மிஷனரி ரேனியஸ் ஐயர் வேறு தினுசு. ஜெர்மானியர், வேதத்தை ஜனங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதில் விடாப்பிடி. ஊருக்கொரு உபதேசியார், ஒரு ஜெபவீடு, பக்கத்தில் பள்ளிக்கூடம் என்ற அமைப்பு அவர் காலத்தில் வேரூன்றியது. பனையேறப் போகிறவரும் காட்டுவேலைக்குப் போகிறவரும் மணிச்சத்தம் கேட்டுக் கூடுவார்கள். உபதேசியார் ஒரு பகுதியை வாசித்துக் கேள்வி கேட்பார். வாசிக்கத் தெரியாதவருக்கும் பதில் தெரிந்தாக வேண்டும். ஆங்கிலிக்கன் சபை முறைமைகளை ரேனியஸ் வெளிப்படையாக விமர்சித்ததால், 1835-ல் சி.எம்.எஸ். அவரைக் கைகழுவியது. மூன்று ஆண்டில் அவர் காலமானார். அவர் மூட்டிய வாதம் இன்றுவரை தீர்ந்தபாடில்லை: எழுதிவைத்ததைச் சொல்வது ஜெபமா, உள்ளத்தில் எழுவதைச் சொல்வது ஜெபமா?

எஸ்.பி.ஜி. ஊர்களின் பதில் ஜெபப்புத்தகம். 1841-ல் இடையன்குடிக்கு வந்த மிஷனரி கால்டுவெல் கட்டிய ஆலயம் 1880-ல் பிரதிஷ்டையானது. தேரிக்காட்டு ஓரத்தில் இத்தனை பெரிய கோயில் எதற்கு என்று கேட்பவர் அங்கே மாலை ஆராதனையில் ஒருநாள் உட்கார வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிமார் பாவ அறிக்கையை முழுதாகச் சொல்வார்கள். குரு ஒரு வரியைத் தாண்டிப் போனால் முதலில் திரும்பிப் பார்ப்பதும் அவர்கள்தான். எழுதிவைத்த ஜெபம் வறட்டு ஜெபம் என்று ஏளனம் செய்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. துக்க வீட்டில் சொந்தச் சொல் வராதபோது கைகொடுப்பது அதுதான்.  

பாட்டு இந்த வேலிகளைத் தாண்டிவிட்டது. 1774-ல் நெல்லையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் எந்தச் சபை வீட்டிலும் ஒலிக்கும். 1894-ல் வெளிவந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' காவியமாக எவ்வளவோ உயர்ந்தது. ஆனாலும் அடுப்படியில் முணுமுணுக்கக் கீர்த்தனைதான் வசதி.

அடுப்படி என்றதும் பிடியரிசி. உலைக்கு அரிசி அளந்த பின், களைவதற்கு முன்னால், அதிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. கலயம் நிறைந்தால் கோயிலுக்குப் போகும். மிச்சம் இருந்தால் பார்ப்போம் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை; அன்றைய சோற்றில் ஒரு பிடி குறையத்தான் செய்யும். கொடுத்துப் பழகிய கைகள் இருந்ததால்தான் 1903-ல், பின்னாளில் பேராயரான அசரியாவும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, நம் ஆட்கள், நம் பணம் என்று தெலுங்கு நாட்டு டோர்னக்கல்வரை போக முடிந்தது.

குடும்ப ஜெபத்தின் கட்டளைக்கல் கொஞ்சம் கறாரானது. பாயை விரித்து, பாட்டுப் பாடி, ஒரு அதிகாரம் வாசித்ததும் ஆளுக்கொரு வசனம் பார்க்காமல் சொல்ல வேண்டும். கடைக்குட்டி யோவான் 11:35-ஐச் சொல்லித் தப்பிப்பான். தமிழில் அது மூன்றே சொல். "நேத்தும் அதத்தானல சொன்ன, வேற சொல்லு" என்று தாத்தா விடமாட்டார். இப்படித்தான் சங்கீதம் 23-ம் 121-ம் நாலாம் வகுப்புக்கு முன்னாலேயே ஏறிவிடும்.

உபவாச ஜெபமும் முழு இரவு ஜெபமும் பெந்தெகொஸ்தே சபைகள் வழியாக வலுப்பெற்றவை. அவற்றின் உருக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவை மறுநாள் காலையின் அன்றாட ஜெபத்துக்கு ஈடாகா. இப்போது விடிந்ததும் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வசனம் வந்துவிடுகிறது. அதை நாலு பேருக்குத் தள்ளிவிட்டால் அன்றைய தியானம் முடிந்தது. சாயங்காலம் அதே ஆளிடம் காலையில் வந்த வசனம் என்னவென்று கேட்டால், போனைத்தான் தேடுகிறார்.