மாளிகைப் பெண்களின் மௌனம்

அம்ரிதா ஷெர்கில் 1935இல் தீட்டிய ‘மூன்று பெண்கள்’ ஓவியத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதில் ஏழை இந்தியாவின் சோகத்தைத்தான் காண்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்கள் ஏழைகள் அல்லர். பாரிஸில் ஓவியம் பயின்று திரும்பிய அம்ரிதா, அமிர்தசரஸில் தன் தந்தைவழி மஜீதியா குடும்பத்தின் மாளிகையில் தங்கியிருந்தபோது வரைந்த உறவுக்காரப் பெண்கள் அவர்கள். நிலமும் பட்டமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள்.

மேட்டுக்குடிப் பெண்ணின் உருவப்படம் என்றால் நமக்குப் பழக்கமானது ரவிவர்மாவின் வழி. பட்டின் சரிகை, கழுத்தின் ஆரம், கையின் வளை என்று ஒவ்வொன்றும் அந்த வீட்டின் செல்வத்துக்குச் சாட்சி சொல்லும். எங்கள் புளியங்குடிப் பக்கம் மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப எடுக்கும் ஸ்டூடியோ படமும் அந்த வழியில் வந்ததுதான். நகை இரவலாக இருந்தாலும் படத்தில் பளிச்சென்று விழ வேண்டும்.

அம்ரிதா அந்தச் சாட்சியை அழித்துவிடுகிறார். கண்ணைப் பறிக்கும் நகை இல்லை. பின்னணியில் மாளிகை இல்லை. மூவரும் நெருங்கி அமர்ந்திருந்தும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை, நம்மையும் பார்ப்பதில்லை. உடைகளின் வண்ணம் மட்டும் உரக்கப் பேசுகிறது. சொத்து குடும்பத்துடையது, அதன் பெண்ணுடையது அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? மாளிகையைக் கழித்ததும் எஞ்சுவது, தன் வாழ்க்கையைப் பிறர் முடிவுசெய்யக் காத்திருக்கும் முகம். அந்த முகத்துக்கு வர்க்கம் தெரியவில்லை என்பதால்தான் நாம் ஏமாறுகிறோம்.

இதில் ஒரு நெருடலும் உண்டு. 1913இல் புடாபெஸ்டில், ஹங்கேரியத் தாய்க்குப் பிறந்த அம்ரிதாவுக்கு ஐரோப்பாவும் தூரிகையும் வாய்த்தன. அவர் புறப்பட்டுப் போகலாம். எதிரில் அமர்ந்த பெண்கள் அங்கேயே இருப்பார்கள். 1937இல் பம்பாய் ஓவியச் சங்கத்தின் தங்கப்பதக்கம் இந்த ஓவியத்துக்குக் கிடைத்தது. பரிசு வரைந்தவருக்கு, மௌனம் அமர்ந்தவர்களுக்கு.

ஆயினும் அந்தப்புரத்துக்குள் உறவாக நுழைந்து, ஆணுக்குக் காட்டாத முகத்தைக் காண ஒரு பெண்ணால்தான் முடிந்தது. ஆகவே இந்த ஓவியத்தின் முன் ‘பாவம்’ என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். இரக்கம் நம்மை அவர்களிலிருந்து விலக்கி நிறுத்துகிறது. செல்வம் இருந்தும் இவர்களுக்கு எது இல்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்வி நம் வீடுகளுக்குள்ளும் வரும்.