மலாய்ப் பலகாரங்களும் மறக்கப்படும் கைகளும்

மலாய் மக்கள் தம் இனிப்புப் பண்டங்களையும் காரச் சிற்றுண்டிகளையும் 'குவே' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றனர். அச்சொல் சீனரின் ஹொக்கியன் மொழி தந்தது. பண்டங்களோ பல திசை உறவுகளைப் பேசுகின்றன. அவர்களுடைய 'அப்பம்' நம் ஆப்பத்தின் வழிவந்தது; 'கறிப்பாப்' தன் பெயரிலேயே கறியைத் தாங்கி நிற்கிறது; அவர்களது 'டோடோல்' கீழக்கரை இல்லங்களில் தொதலாக மணக்கிறது. விருந்தைக் குறிக்கும் அவர்களது 'கெண்டூரி'யும் நம் கந்தூரியும் ஒரே பாரசீகச் சொல்லின் இரு கிளைகளாம்.

இவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நிறத்தையும் சுவையையுமே வியக்கின்றனர். பசையரிசியின் மேல் பச்சைப் பாலாடைபோல் படிந்திருக்கும் 'செரி மூக்கா', கடித்தவுடன் வாயில் வெல்லப்பாகைச் சொரியும் 'ஒண்டே ஒண்டே' ஆகியவை வியப்புக்கு உரியனவே. ஆயினும் அவ்வளவில் நின்றுவிடும் விமர்சனம் பாதி விமர்சனமே என்போம்.

குவேயின் பெருமை அது கைமாறும் முறையில் இருக்கிறது. நோன்பு மாத மாலைகளில் அண்டை வீட்டார் தட்டுகளைப் பரிமாறிக்கொள்வது மலாய்க் கிராமங்களின் வழக்கம். ஒரு வீட்டில் ஒரு பண்டமே செய்திருப்பினும், நோன்பு திறக்கும் வேளையில் விரிப்பின்மீது பல பண்டங்கள் நிறையும். டோடோலையோ தேங்காய்ப்பால், மாவு, வெல்லம் சேர்த்துப் பெருங்கடாயில் பல மணி நேரம் ஓயாது கிளற வேண்டும். ஒருவர் கை சோர்ந்தால் மற்றொருவர் கை தொடர வேண்டும். 2024இல் யுனெஸ்கோ மலேசியரின் காலையுணவுப் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும், பல இனத்தார் கூடி உண்ணும் வழக்கத்தையே சிறப்பித்தது.

இன்று நோன்புச் சந்தைகளில் குவே விலைக்குக் கிடைக்கிறது. இதனால் பண்பாடே அழிந்தது எனப் புலம்புவோருடன் நாம் உடன்படவில்லை. அந்தப் பழம்பெருமையின் சுமையைப் பெரிதும் சுமந்தவர்கள் பெண்கள். ஊதியமின்றி உழைத்த கைகள் கடைவிரித்துப் பொருளீட்டுவதில் இழிவு என்ன இருக்கிறது? விலை கொடுத்து வாங்கிய பண்டமும் அண்டை வீட்டுக்குச் செல்லுமானால் மரபு வாழ்கிறது. வீட்டிலேயே செய்ததாயினும் கதவைச் சாத்திக்கொண்டு உண்டால் அது வெறும் தின்பண்டமாகிவிடுகிறது.

இத்தீர்ப்பு மலாய் மக்களுக்கு மட்டும் உரியதன்று. பெருநாளுக்குத் தொதல் கிண்டும் நம் தாய்மாரின் கைப்பக்குவத்தைப் புகழும் ஆடவர், அதற்கு முன் ஒரு நாழிகையாவது அகப்பையைப் பிடித்துப் பார்ப்பாராக.