கொடிநாள் வசூலும் காயம்பட்ட வீரரும்

பிரதி வருஷமும் கார்த்திகை இருபது தாண்டும் சமயத்தில், குருவிகுளம் ஒன்றியத்துக் கரிசல் காட்டில் உளுந்துக்கும் பாசிக்கும் களையெடுத்துக்கொண்டிருக்கும் ஜனங்களின் வீடுகளுக்குக்கூட, சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகிய மூன்று வர்ணங்கள் தீட்டிய சிறு காகிதக் கொடி ஒன்று எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை அதைச் சட்டையில் குண்டூசியால் குத்திக்கொண்டு வருகிறான். பத்திரம் பதியப் போன தகப்பனார் ரசீதுகளுக்கு நடுவே அதே கொடியை மடித்து வைத்துக்கொண்டு திரும்புகிறார். மூன்று வர்ணங்களும் தரைப்படை, கடற்படை, விமானப்படை என்ற முப்படைகளைக் குறிப்பவை என்பதும், கொடிக்குக் கொடுத்த பணம் படைவீரர் நலனுக்குப் போகிறது என்பதும் பொதுவாக எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் தெரிந்தவர்கள் மிகச் சிலர். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் இந்த வழக்கத்தின் குணத்தையும் குறையையும் நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது, பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம் பக்கத்து ஊர்களுக்கு அவசியமான காரியம் என்று கருதுகிறேன்.

சுதந்திரம் பெற்ற மறு வருஷங்களிலேயே, காஷ்மீரப் போர் ஓய்ந்த சூட்டில், அப்போதைய பாதுகாப்பு மந்திரி பல்தேவ் சிங் தலைமையிலான குழு 28-8-1949 அன்று கூடி, ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் தேதியைக் கொடிநாளாக அனுஷ்டிப்பது என்று தீர்மானித்தது. போரில் காயமுற்றோரின் மறுவாழ்வு, பணியிலிருக்கும் வீரர்களுடையவும் அவர்கள் குடும்பங்களுடையவும் நலன், ஓய்வு பெற்றோரின் நலன் என்ற மூன்று நோக்கங்கள் அன்று முன்வைக்கப்பட்டன; அவற்றில் காயமுற்றோரின் மறுவாழ்வே முதலில் நின்றது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தனித்தனியே இருந்த பல நிதிகள் 1993ஆம் ஆண்டில் ஒன்றாக இணைக்கப்பட்டு, இன்றுள்ள படைவீரர் கொடிநாள் நிதி உருவாயிற்று.

இந்த ஏற்பாட்டின் முதற்பெருமை அதன் இடையறாத தன்மை. 1962இல் சீனர்கள் எல்லையைக் கடந்து வந்தபோது, நாடு முழுவதும் பெண்கள் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். 1965இலும், 1999இல் கார்கில் சமயத்திலும் அதே உணர்ச்சிப் பெருக்கைக் கண்டோம். ஆனால் போர்க்காலத்துத் தயாள குணம் போர் நின்றதும் வடிந்துவிடுவது மனித சுபாவம். காயம்பட்டவருடைய கஷ்டமோ அப்போதுதான் ஆரம்பமாகிறது. யுத்தமில்லாத வருஷங்களிலும், செய்தித்தாள்களில் ராணுவத்தைப் பற்றி ஒரு வரி இல்லாத மாதங்களிலும், தவறாமல் ஒரு நாளை ஒதுக்கிக் கை நீட்டுகிற வழக்கம் இருந்தாலன்றி அந்த நெடுங்காலக் கஷ்டத்துக்குப் பரிகாரம் கிடையாது. இரண்டாவது பெருமை, அது ஏழையின் காசையும் மதித்து வாங்கிக்கொள்வது. லட்சம் கொடுக்கும் தனவந்தருக்கும் பத்து ரூபாய் கொடுக்கும் களையெடுப்புக்காரிக்கும் கிடைப்பது இதே காகிதக் கொடிதான். மூன்றாவது, வசூலுக்கென்று தனியாக ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கும் செலவு பெரும்பாலும் இல்லாமை. அமெரிக்காவில் காயம்பட்ட வீரர்களுக்காகவே தொடங்கப்பட்டுக் கோடிக்கணக்கில் பணம் திரட்டிய ஒரு பிரபல தர்ம ஸ்தாபனம், மாநாடுகளிலும் பிரயாணங்களிலும் ஆடம்பரமாகச் செலவழித்தது என்ற புகாருக்கு ஆளாகி, 2016இல் அதன் தலைமை நிர்வாகிகள் இருவர் பதவி இழந்ததை நினைத்தால், இந்தச் சிக்கனத்தின் அருமை விளங்கும்.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

14-2-2019 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் நாற்பது பேர் மாண்டபோது, அவர்களில் ஒருவர் நமக்கு அடுத்த கோவில்பட்டிப் பக்கம் சவலாப்பேரிக்காரர். அந்தச் சிற்றூருக்கு மந்திரிகள் வந்தார்கள். தமிழக அரசு இருபது லட்ச ரூபாய் அறிவித்தது. எங்கெங்கோ இருந்தவர்களெல்லாம் உதவி செய்ய முன்வந்தார்கள். அது முற்றிலும் உகந்ததே. அதில் ஒரு ரூபாய்கூட அதிகமில்லை. ஆயினும் பொதுஜனங்களின் ஈகை மரணத்தைப் பின்தொடர்ந்து செல்கிறது என்ற உண்மையை நாம் ஒளிக்கக் கூடாது. இறந்த வீரருக்கு ஒரு நாள் உண்டு, ஒரு ஊர்வலம் உண்டு, பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு படம் உண்டு. இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போய் இருபத்தைந்து வயதில் வீடு திரும்புகிறவருக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அவருக்கு முன்னால் இருப்பவை ஐம்பது வருஷங்கள்.

இது இன்று முளைத்த குறையுமன்று. போரில் பட்டவனுக்கு நடுகல் நட்டுப் பீலி சூட்டிப் படையலிட்ட சமுதாயம் நம்முடையது. அவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. காயத்தோடு வீட்டில் கிடந்தவனுக்கு என்ன நடந்தது என்பதை அறிய, புறநானூற்றின் 281ஆம் பாட்டைப் பார்க்க வேண்டும். அரிசில் கிழார் பாடிய அந்தச் சிறு பாட்டில், வீட்டில் இரவமர இலையும் வேப்பிலையும் செருகி, ஐயவி தூவி, யாழும் மணியும் ஒலிக்க, காஞ்சிப்பண் பாடி, நறும்புகை காட்டி, வேந்தனுக்கு வந்த இடரைத் தன்மேல் ஏற்றுக்கொண்டவனுடைய புண்ணைக் காப்போம் வா என்று ஒரு பெண் தன் தோழியை அழைக்கிறாள். தொல்காப்பியர் இத்தகைய நிலைக்கு ஒரு துறையே வகுத்திருக்கிறார் என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் என் மனத்தை உறுத்துவது வேறொன்று: அந்த வீட்டில் இரண்டு பெண்கள்தாம் இருக்கிறார்கள், எவனுடைய இடரை வீரன் ஏற்றானோ அந்த வேந்தனை அங்கே காணோம். அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை காயம்பட்டவரைச் சுமப்பவள் வீட்டுப் பெண்ணாகவே இருக்கிறாள். கொடிநாள் என்ற பொது முயற்சி எந்த அளவுக்கு அந்தப் பாரத்தில் தோள் கொடுக்கிறது என்பதே அதை அளப்பதற்கு நியாயமான அளவுகோல்.

உறுப்பிழந்தவரின் வாழ்க்கையில் பணம் எங்கே தேவைப்படுகிறது என்று சற்று நெருங்கிப் பார்ப்போம். செயற்கைக் கால் ஒருமுறை பொருத்தினால் தீர்ந்துவிடுகிற சமாசாரமன்று. வெட்டுப்பட்ட காலின் எஞ்சிய பகுதி நாளாவட்டத்தில் வற்றும், சில சமயம் வீங்கும்; அதைப் பற்றிக்கொள்ளும் கிண்ணம் போன்ற சாக்கெட் தளர்ந்துபோனால் தோல் உரிந்து புண்ணாகும். ராணுவத்தின் செயற்கை அவயவ நிலையம் 1944 முதல் புனேயில் சிறப்பாக நடந்துவருகிறது. ஆனால் குருவிகுளத்திலிருந்து புனேக்கு ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போதாத பிரயாணம். ஐப்பசி மழையில் நம் கரிசல் மண் எப்படி ஒட்டும் என்பது இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல காலுள்ளவரே செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற வரப்பில், செயற்கைப் பாதம் ஒவ்வோர் அடிக்கும் புதைந்து, பிடுங்கும்போது சாக்கெட் கழன்றுவிடும். தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கோ படுக்கைப் புண் வராமல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட ஆள் வேண்டும். தண்ணீர்ப் படுக்கை வேண்டும். சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும். சக்கர நாற்காலி போகும்படி வாசற்படியை இடித்துச் சரிவு கட்ட வேண்டும். இவற்றில் எதுவும் படம் எடுத்துப் போடத் தக்க காரியமல்ல. அதனால்தான் இவற்றுக்குப் பணம் கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை.

கொடிநாள் நிதி போகும் வழிகளைப் பார்த்தால், புனேயை அடுத்த கிர்க்கியில் 1974இலும் மொகாலியில் 1978இலும் ஏற்பட்ட தண்டுவடம் பாதித்த வீரர்களுக்கான மறுவாழ்வு இல்லங்களும், கண்ணிழந்த வீரர்களுக்கென்று இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டேராடூனில் தொடங்கிய நிலையமும் அதனால் உதவி பெறுகின்றன. இவை போற்றத் தக்க ஸ்தாபனங்கள். எஞ்சிய செலவில் கணிசமான பகுதி முதுமை, கல்வி, கல்யாணம் ஆகியவற்றைச் சேர்ந்தது. ஓய்வூதியமில்லாத, 65 வயது கடந்த வறிய முன்னாள் வீரருக்கு மாதம் 4,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2025 அக்டோபரில் 8,000 ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 1,000 என்பது 2,000 ஆயிற்று. நியாயமான உயர்வு, வரவேற்கிறேன். ஆனால் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்கிறவர் மனக்கண்ணில் நிற்பவர் குண்டடி பட்ட வீரர். அவர் பெயரால் வாங்கிய பணத்தில் அவருக்கு எத்தனை பங்கு போயிற்று என்பதைக் கொடுத்தவருக்குப் பிரித்துச் சொல்லும் பழக்கம் ஜில்லா அளவில்கூட வேரூன்றவில்லை. தவிரவும், இந்த நிதி முப்படையினருக்கு மட்டுமே உரியது. உள்துறையின் கீழ் வரும் ரிசர்வ் போலீஸ் படையில் கை கால் இழந்தவர் இதன் வரம்புக்கு வெளியே நிற்கிறார். அப்படைகளுக்காக 2017இல் மத்திய அரசு திறந்த நிதித் திட்டமும் உயிரிழந்தோரின் குடும்பங்களை முன்வைத்தே தொடங்கியது. சவலாப்பேரிக்காரர் அன்று காலிழந்து பிழைத்திருந்தால் நாம் கொடிக்குக் கொடுத்த பணம் அவரைச் சேர்ந்திராது என்பதை நம் பக்கத்தில் எத்தனை பேர் அறிவார்கள்?

வசூலின் முறை பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். மாநிலத்துக்கு ஓர் இலக்கு, ஜில்லாவுக்கு ஓர் இலக்கு, இலாகாவுக்கு ஓர் இலக்கு என்று மேலிருந்து கீழே இறங்கிவரும் தொகை, கடைசியில் பள்ளித் தலைமையாசிரியர் மேஜைமீதும் பதிவலுவலக எழுத்தர் மேஜைமீதும் கொடிக் கட்டுகளாக வந்து விழுகிறது. இலக்கைத் தாண்டிய அதிகாரிக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைக்கிறது. அவர் தம் கீழுள்ளவர்களிடம் சொல்கிறார். அவர்கள் காரியத்துக்காக வந்து நிற்கிற ஜனங்களிடம் நீட்டுகிறார்கள். தன் பத்திரம் இன்னும் கையெழுத்தாகாத நிலையில், நீட்டப்பட்ட கொடியை வேண்டாமென்று சொல்லும் தைரியம் எந்தச் சம்சாரிக்கு உண்டு? அவர் கொடுக்கிறார், ஆனால் தானம் செய்த திருப்தி அவர் முகத்தில் இல்லை, ஸ்டாம்புக் கட்டணத்தோடு சேர்ந்த இன்னொரு கட்டணம் என்றே அதைக் கணக்கிடுகிறார். வற்புறுத்தலால் வரும் பணம் அதே மதிப்புள்ள பணம்தான், மருந்து வாங்கினால் அதே மருந்துதான் வரும் என்று வாதிக்கலாம். ஆனால் இந்த நாளின் உத்தேசம் பணம் மட்டுமன்று. உடம்பின் ஒரு பாகத்தை நாட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தவரை ஊரார் நினைவில் இருத்துவதுமாகும். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்த காசில் அந்த நினைவு தங்குவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை இந்த வழக்கத்தின் உள்ளே இல்லை, அதன் நிழலில் இருக்கிறது. காயம்பட்ட வீரருக்குச் சிகிச்சையும் ஊனமுற்றோர் ஓய்வூதியமும் வழங்குவது அரசாங்கத்தின் கடன்; அது தர்மமாகாது. நல்ல தேகத்தோடு படையில் சேர்ந்தவருக்குப் பணிக்காலத்தில் நேர்ந்த நோய், பணியால் விளைந்ததென்றே அனுமானிக்கப்பட வேண்டும், அப்படியல்ல என்று காட்டும் பொறுப்பு அரசுடையது என்று சுப்ரீம் கோர்ட் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் ஓய்வூதியத்துக்காக வீரர்கள் ராணுவத் தீர்ப்பாயங்களின் படியேறிக்கொண்டிருக்கிறார்கள். சாதகமாகத் தீர்ப்பு வந்தாலும் அரசு மேல்முறையீட்டுக்குப் போவதைக் காண்கிறோம். ராணுவப் பயிற்சிக் கழகங்களில் பயிற்சியின்போதே முடமாகி வெளியேற்றப்பட்ட இளைஞர்கள், அதிகாரியாகப் பதவியேற்கும் முன்பே அடிபட்டவர்கள் என்ற காரணத்தால், முன்னாள் வீரர் என்ற இலக்கணத்துக்குள்ளேயே வராமல் பல ஆண்டுகள் தவித்தார்கள். 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தானாகவே அந்த விஷயத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் அவர்களுக்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் கதவு திறந்தது. உரிமையாக வர வேண்டியது தடைப்பட்டுக் கிடக்கையில், உதவியாக வருவதைக் கொண்டாடுவது ஆபத்தானது. நாம் கொடுக்கும் காசு அரசின் கடமைக்குமேல் ஒரு படி அன்பாக இருக்கலாமே தவிர, அந்தக் கடமைக்குப் பதிலாகிவிடக் கூடாது.

காயம்பட்டவர் கருணைக்குக் காத்திருப்பவர் என்ற எண்ணமும் மாற வேண்டும். 1965 யுத்தத்தில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்த முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். அதே யுத்தத்தில் காலிழந்த விஜய் ஓபராய் ராணுவத்தின் துணைத் தளபதியாக உயர்ந்து, ஓய்வுக்குப் பின் 2002இல் காயமுற்ற வீரர்களுக்கென்றே ஓர் அறக்கட்டளையை நிறுவினார். பிரிட்டனில் முதல் உலகப்போருக்குப் பின் சட்டையில் குத்திக்கொள்ளும் பாப்பிப் பூக்களை, 1922 முதல் உறுப்பிழந்த வீரர்களைக் கொண்டே செய்வித்தார்கள். வாங்குகிறவர் கொடுத்த காசு முதலில் ஒருவருக்குக் கூலியாகவும், அப்புறம் மற்றவர்களுக்கு உதவியாகவும் பயன்பட்டது. சிவகாசியை இத்தனை அருகில் வைத்துக்கொண்டிருக்கிற நாம், காகிதக் கொடி அச்சிடுவதையும் வெட்டுவதையும் ஊனமுற்ற முன்னாள் வீரர்களிடமும் அவர்கள் மனைவிமாரிடமும் ஒப்படைக்க என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை.

இலக்கு வைக்காவிட்டால் வசூல் விழுந்துவிடும் என்று நிர்வாக அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள். முதல் இரண்டு வருஷம் விழக்கூடும். ஆனால் சென்ற வருஷம் கொடுத்த பணத்தில் இன்ன ஒன்றியத்து வீரருக்குச் சக்கர நாற்காலி வந்தது, இன்னாருடைய சாக்கெட் மாற்றப் பிரயாணச் செலவு கொடுக்கப்பட்டது என்று, அவர் சம்மதித்தால் பெயரோடும் இல்லாவிட்டால் பெயரின்றியும், ஊராருக்கு அறிவித்துவிட்டுக் கை நீட்டினால் நம் ஜனங்கள் மறுக்க மாட்டார்கள். கோயில் கொடைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, கடைசிப் பைசா வரை கணக்கை ஊர்ப் பொதுவில் படிக்கிற சம்பிரதாயம் நம் கிராமங்களுக்குப் புதிதன்று.

ஆகவே குருவிகுளம் ஒன்றியத்து வாசகர்களுக்கு என் வேண்டுகோள்: டிசம்பர் 7 அன்று கொடியை மனமுவந்து வாங்குங்கள். ஜனவரி 26ஆம் தேதி கூடும் கிராம சபையில், நம் ஒன்றியத்தில் எவ்வளவு வசூலாயிற்று, நம் ஒன்றியத்தில் காயமுற்றுத் திரும்பிய வீரர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு என்ன உதவி கிடைத்தது என்ற மூன்று கேள்விகளையும் எழுந்து நின்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.