எழுதுவதும் எலெக்ட்ரான், படிப்பதும் எலெக்ட்ரான்

1959-இல் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஆயிரம் டாலர் பரிசு ஒன்றை அறிவித்தார். புத்தகப் பக்கமொன்றை நீளத்திலும் அகலத்திலும் 25,000-இல் ஒரு பங்காகச் சுருக்கி எழுத வேண்டும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைப் படிக்கவும் முடிய வேண்டும். 1985-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மாணவர் டாம் நியூமன் அதை வென்றார். சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ நாவலின் முதல் பக்கத்தை எலெக்ட்ரான் கற்றையால் எழுதினார். பக்கத்தின் அகலம் சுமார் 6 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் நூற்றைம்பது பக்கங்களை வரிசையாக வைக்கலாம். எழுதி முடித்த பிறகு அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று தேடுவதே பெரும்பாடாயிற்று.

இதே கற்றைக்குச் சிப் தயாரிப்பிலும் வேலை உண்டு. சிப் ஆலையில் வேஃபர் என்னும் சிலிக்கான் தகட்டின் மீது வடிவங்களைப் பதிப்பது ஒளி. மாஸ்க் என்னும் தகட்டிலுள்ள வடிவத்தை அது அச்சு இயந்திரம்போல வேகமாகப் படியெடுக்கும். ஆனால் அந்த மாஸ்க்கை எழுதியாக வேண்டுமே! அங்கே எலெக்ட்ரான் கற்றைதான். ஒரே தகட்டுக்குப் பல மணி நேரம். அவசரத்தில் பிறக்கும் லட்சக்கணக்கான சிப்புகளுக்கும் மூலப்பிரதி இப்படி நிதானமாக எழுதப்பட்டது என்பதே இந்தக் கலையின் அழகு.

எழுதுவது எளிதல்ல. 50,000 வோல்ட்டில் பாயும் எலெக்ட்ரான், மேலே பூசிய ரெசிஸ்ட் என்னும் படலத்தைத் துளைத்து அடித்தளத்தில் மோதித் திரும்புகிறது. திரும்பும் வழியில் பக்கத்துக் கோட்டையும் தொட்டுவிடுகிறது. அதனால் கோடுகள் நெருங்கும் இடத்தில் பாய்ச்சும் எலெக்ட்ரான்களின் அளவைக் குறைக்க வேண்டும், தனித்து நிற்கும் கோட்டுக்குக் கூட்ட வேண்டும். அண்டைக் கோடு கசியவிடப்போவதை முன்கூட்டியே கணக்கிட்டு எழுதுகிற இந்தக் கணிதத்துக்கு எத்தனை பாராட்டும் தகும்.

ஆஸ்திரியாவின் ஐ.எம்.எஸ். நிறுவனம் இன்னொரு சாதனை செய்தது. அதன் இயந்திரத்தில் 2,62,144 கற்றைகள் ஒரே நேரத்தில் எழுதுகின்றன. பழைய முறையில் வளைவுகளைச் சிறு சிறு கட்டங்களாக உடைத்து எழுத வேண்டும். வளைவு கூடினால் நேரமும் கூடும். இங்கே நேர்க்கோடானாலும் வளைவானாலும் நேரம் ஏறக்குறைய ஒன்றே.

படிப்பதற்கோ மென்மை வேண்டும். சில நூறு வோல்ட் போதும், இல்லையென்றால் பார்க்கும் பொருளே சிதையும். 1984-இல் ஹிட்டாச்சி கொண்டுவந்த எஸ்-6000 எலெக்ட்ரான் நுண்ணோக்கி முதல், கோட்டின் அகலத்தை இப்படித்தான் அளக்கிறார்கள். அதைவிட ரசிக்கத்தக்கது வோல்டேஜ் கான்ட்ராஸ்ட் என்னும் உத்தி. கற்றை பட்டதும் உலோகத் தொடர்பிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறும். கீழே இணைப்பு சரியாக இருந்தால் இழப்பு உடனே நிரம்பும், அந்த இடம் பளிச்சென்று தெரியும். இணைப்பு அறுந்திருந்தால் நேர்மின்னூட்டம் தேங்கி, புறப்படும் எலெக்ட்ரான்களைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். அந்த இடம் கறுத்துவிடும். வெட்டிப் பார்க்காமலே, பல அடுக்குகளுக்கு அடியில் இருக்கும் பிழை மேலே தெரிந்துவிடுகிறது!

வேஃபர் முழுவதையும் இப்படிப் பார்க்க நேரம் போதாது. அதனால் ஒளிக்கருவிகள் சந்தேகப்பட்ட இடங்களையும், வடிவமைப்பிலேயே சிக்கலான இடங்களையும் தேர்ந்தெடுத்துக் கற்றையை அங்கே மட்டும் அனுப்புகிறார்கள்.