எமர்சனைப் படித்த மனைவிகள்

அமெரிக்கச் சிந்தனையாளர் ரால்ஃப் வால்டோ எமர்சன் 1841இல் வெளியிட்ட ‘தற்சார்பு’ கட்டுரையில், உள்ளத்தின் அழைப்பு வரும்போது தாய், தந்தை, மனைவி, உடன்பிறந்தான் எவரையும் விலக்கிவிட்டுப் போவேன் என்கிறார். விலக்கப்படுவோர் வரிசையில் மனைவியும் இருக்கிறாள். அந்த அழைப்பு மனைவிக்கே வந்தால்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெண் நாவலாசிரியர்கள் கையில் எடுத்த கேள்வி இதுதான்.

இங்கிலாந்தின் சட்டம் அந்தக் கேள்விக்கே இடம் தரவில்லை. திருமணமானதும் பெண்ணின் சட்ட உரிமைகள் கணவனுக்குள் அடங்கிவிடும். அவள் சம்பாத்தியமும் அவனுக்கே. ஜான் ஸ்டூவர்ட் மில் 1851இல் ஹேரியட் டெய்லரை மணந்தபோது, அந்த அதிகாரங்கள் தமக்கு வேண்டாம் என்று எழுதியே வைத்தார். மனைவி தன் பெயரிலேயே சொத்து வைத்துக்கொள்ள வழிசெய்த விரிவான சட்டம் 1883 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

அதே ஆண்டு வெளிவந்தது ஆலிவ் ஷ்ரைனரின் ‘ஓர் ஆப்பிரிக்கப் பண்ணையின் கதை’. தென்னாப்பிரிக்காவில் வீட்டு ஆசிரியையாக வேலை பார்த்தவர் அவர். புனைபெயர் ரால்ஃப் அயர்ன். பாத்திரங்களின் பெயர்கள் வால்டோ, எம். எமர்சன் மீதான பற்று வெளிப்படையானது. நாயகி லிண்டல் கருவுற்றிருக்கிறாள், காதலன் மணக்கத் தயார், அவள் மறுக்கிறாள். சேர்ந்து வாழச் சம்மதிப்பவள், அவன் கைக்குள் நிரந்தரமாகச் சிக்க அஞ்சுகிறாள். பிறந்த குழந்தை இறக்கிறது, பின்னாலேயே அவளும். சுதந்திரத்தை இவ்வளவு தெளிவாகப் பேசத் தெரிந்தவளுக்கு, அதை வைத்து வாழ ஓர் இடத்தை ஷ்ரைனரால் கற்பனை செய்ய முடியவில்லை.

மோனா கேர்ட் இதைவிட ஆழமாகப் போனார். 1888 ஆகஸ்டில் ‘வெஸ்ட்மின்ஸ்டர் ரெவ்யூ’வில் அவர் எழுதிய ‘திருமணம்’ கட்டுரை பெரும் புயலைக் கிளப்பியது. திருமணம் தோற்றுவிட்டதா என்று ‘டெய்லி டெலிகிராஃப்’ வாசகர்களைக் கேட்க, சுமார் 27,000 கடிதங்கள் குவிந்தன. ஆறு ஆண்டுகள் கழித்து வந்த ‘டனாஸின் புதல்விகள்’ நாவலோ எமர்சனைப் பற்றிய விவாதத்துடனேயே தொடங்குகிறது. எமர்சன் பெண்ணாகப் பிறந்திருந்தால் சூழ்நிலையின் பலம் புரிந்திருக்கும் என்பது நாயகி ஹேட்ரியாவின் கட்சி. இசையமைக்கும் திறன் கொண்ட அவள், கணவனை விட்டுப் பாரிஸுக்குப் போய்ப் பயில்கிறாள். அவளைத் திரும்ப இழுப்பது சட்டமோ கணவனின் கொடுமையோ அல்ல, தாயின் நோய். பாசமும் கடமையும் கடப்பதற்கு மிகக் கடினமான வேலிகள் என்பதைக் கேர்ட் கண்டுகொண்டார். கொடுங்கோலன் ஒருவனைப் படைத்துப் பழியை அவன்மேல் போடும் சுலபமான வழியில் அவர் போகவில்லை. இந்த வரிசையில் அறிவுக்கூர்மை மிகுந்த நாவல் இதுவே.

1899இல் கேட் ஷோப்பினின் ‘விழிப்பு’. கணவன் ஊரில் இல்லாத இரவில் நாயகி எட்னா எமர்சனைப் படிக்கிறாள்; படிக்கப் படிக்கத் தூக்கம் வருகிறது. ஓவியம் விற்ற காசு, குதிரைப் பந்தயத்தில் வென்ற பணம் எல்லாம் சேர்த்துத் தனிவீட்டுக்குக் குடிபோகிறாள். பிள்ளைகளுக்காக உயிரைத் தருவேன், என்னையே தரமாட்டேன் என்ற நிலைப்பாடு அவளைக் கடலில் கொண்டுபோய் விடுகிறது. விமர்சகர்கள் நாவலைக் கடுமையாகத் தாக்கினார்கள்.

ஆனால் எட்னாவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் ஒரு கலப்பினத் தாதி. நாவல் முழுக்க அவளுக்குப் பெயரே இல்லை. எட்னா தன்னைத் தேடிப் போக நேரம் தருவது இந்தத் தாதியின் உழைப்பு. அவளுக்கும் ஒரு ‘தான்’ உண்டு என்பதை ஷோப்பின் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. இந்தக் குறையை மறைத்துக்கொண்டு இந்நாவல்களைக் கொண்டாடுவது நேர்மையாகாது.

சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் அந்த உழைப்பையே கதையாக்கினார். 1909–10இல் தாமே நடத்திய ‘ஃபோர்ரன்னர்’ இதழில் அவர் எழுதிய தொடர்கதையின் நாயகி டயந்தா, சமைத்த உணவை வீடுகளுக்கு அனுப்பும் தொழில் தொடங்குகிறாள். வீட்டுவேலைப் பெண்களுக்கு வேலைநேரமும் கூலியும் வரையறுக்கிறாள். அவளை மணப்பவனுக்கு அது பிடிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் தொழிலை விடவில்லை.