மேடைக்குப் பின்னுள்ள நகரங்கள்: டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'

கருநாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா (பி. 1976) தம் நடுவயதில் மேற்கொண்ட தேடலின் விளைவு, 2020இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'. மிருதங்கம் செய்வோரின் வரலாறாகிய இந்நூல், பயண நூலாகவும் தன்னாய்வாகவும் அமைகிறது. சபாக்களின் நகரத்தை விட்டுப் பட்டறைகளுக்கும் தோல் பதமாகும் இடங்களுக்கும் பாடகர் செல்கிறார்.

மிருதங்கத்திற்குப் பலாக்கட்டையோடு பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்களும் வேண்டும். நூல் காட்டும் கைவினைஞருள் பெரும்பாலோர் தலித் கிறித்தவர். கருவியைப் புனிதமெனப் போற்றும் அரங்கு, அதனைச் செய்த கையை வெளியே நிறுத்துகிறது என்பதே நூலின் மையவாதம். பாலக்காடு மணி ஐயரின் நாதத்தில் பர்லாந்தின் செவிக்கும் பங்குண்டு என அது காட்டுகிறது. நூல் வெளியீட்டிற்கு அளித்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றமை இவ்வாதத்திற்கு வலுச் சேர்த்தது எனலாம்.

எனினும் ஒரு குறை உண்டு. வலந்தலை, தொப்பி, வார், சோறு முதலிய தொழிற்சொற்கள் தமிழில் வாழ்பவை. அவற்றைப் பேசுவோரின் குரல் முதலில் பாடகரின் ஆங்கிலத்தினூடாகவே வெளிப்பட்டது. கேட்பவரும் பயன்பெறுபவரும் தாமே என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. ஆயின் ஒப்புக்கொள்வதால் மட்டும் ஏற்றத்தாழ்வு நீங்குவதில்லை.

நெய்வேலியிலிருந்து வாசிப்போர்க்கு இந்நூல் அயலானதன்று. பலாவுக்குப் பெயர்பெற்ற பண்ருட்டி அருகில் உள்ளது. 1956இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் ஒழுங்கான நகரியமும், நிலம் கொடுத்த ஊர்களின் இழப்பின்மேல் எழுந்ததே. மின்னொளியைத் துய்ப்போர் அவ்வூர்களை எண்ணாததுபோலவே, நாதத்தைத் துய்ப்போர் தோலை எண்ணுவதில்லை. கைவினைஞரின் சொற்களை அவர்தம் தமிழிலேயே பதிவுசெய்வது அடுத்த ஆய்வின் கடமையாகும்.